எறும்புச் சாரை: விரட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

இரவு பால் ஆற்றும்போது அடுப்பு மேடையில் சிந்திய ஒரு சொட்டு, காலையில் கறுப்பாக அசைந்துகொண்டிருக்கும். அங்கிருந்து புறப்படும் சாரை சுவரோரமாகச் சென்று, குழாயின் பின்புறம் வளைந்து, ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே தலைமுடி அளவே உள்ள பிளவில் மறைந்துவிடும். ஈரத் துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்துவிட்டு நம் வேலையைப் பார்க்கிறோம். மதியச் சாப்பாட்டுக்கு வரும்போது அதே சாரை, அதே தடத்தில், ஒன்றும் நடவாதது போலப் போய்க்கொண்டிருக்கும். எறும்புக்கு என்ன செய்யலாம் என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வருகைக்குப் பிறகுதான் கேட்கிறார்கள். அதற்குள் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், எலுமிச்சைத் தோல் என்று கைக்கு எட்டியதையெல்லாம் போட்டுப் பார்த்திருப்பார்கள்.

இந்தப் பொருள்களில் சில வேலை செய்யும், சில செய்யாது. வேலை செய்பவையும் எல்லாம் ஒரே வேலையைச் செய்வதில்லை. சில, எறும்பு வந்த வழியின் வாசனையை அழிக்கின்றன. சில, குறுக்கே அணைபோல நிற்கின்றன. மிகச் சில மட்டுமே புற்றுக்குள் போய்ச் சேர்கின்றன. கையில் இருப்பது இவற்றில் எந்த வகை என்று அறியாமல் பயன்படுத்துவதால்தான் ஒரு வீட்டில் பலித்த வைத்தியம் அடுத்த வீட்டில் பலிக்காமல் போகிறது. ஆகவே மருந்தைப் பற்றிப் பேசுவதற்கு முன் எறும்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

கண்ணில் படுவது கொஞ்சம்தான்

சாரையில் நாம் காணும் எறும்புகள் அனைத்தும் முட்டையிடாத பெண் எறும்புகள். வேலைக்கார எறும்புகள் என்று அவற்றைச் சொல்வார்கள். முட்டையிடும் ராணி இரை தேடி வருவதில்லை. வேலைக்கார எறும்புகளிலும் இளையவை புற்றுக்குள்ளேயே இருந்து புழுக்களுக்கு ஊட்டுவது, முட்டைகளை இடம் மாற்றுவது போன்ற வேலைகளைப் பார்க்கும். வயது முதிர்ந்தவைதான் ஆபத்து நிறைந்த வெளிவேலைக்கு வரும். நாம் துடைத்தெறியும் ஐம்பது எறும்புகள், புற்றின் கணக்கில், எப்படியும் சீக்கிரம் சாகவிருந்த கிழடுகள். ராணி இருக்கும்வரை அவற்றின் இடம் நிரம்பிக்கொண்டே இருக்கும்.

சாரை உருவாகும் விதம் இன்னும் சுவையானது. முதலில் ஒற்றை எறும்பு ஒன்று எங்கெங்கோ துழாவிக்கொண்டு வருகிறது. இனிப்பைக் கண்டதும் வயிறு நிரம்பக் குடித்துவிட்டுத் திரும்பும்போது, வயிற்றின் நுனியைத் தரையில் தொட்டுத் தொட்டு, கண்ணுக்குத் தெரியாத ஒரு வேதிப்பொருளைப் பூசிக்கொண்டே போகிறது. அந்த வாசனைக் கோட்டைப் பிடித்துக்கொண்டு பத்து எறும்புகள் வருகின்றன. இரை கிடைத்துத் திரும்பும் ஒவ்வொன்றும் அதே கோட்டின் மேல் இன்னொரு பூச்சுப் பூசுகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் எட்வர்டு வில்சன் 1959-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், நெருப்பெறும்பின் வயிற்று நுனியில் உள்ள டுஃபோர் சுரப்பி என்னும் மிகச் சிறிய உறுப்பிலிருந்துதான் இந்த வாசனை வருகிறது என்று காட்டினார். அந்தச் சுரப்பியின் சாற்றைக் கொண்டு கோடு இழுத்தபோது, கோட்டின் முடிவில் இரை எதுவும் இல்லாதிருந்தும், எறும்புகள் புற்றை விட்டு வந்து அதன் மேலேயே நடந்தன. நெருப்பெறும்பு ஒன்று தனியாகப் போட்ட கோடு ஓரிரு நிமிடங்களில் ஆவியாகிவிடும். ஆனால் நூறு எறும்புகள் மாறிமாறிப் பூசும் கோடு, இரை தீரும்வரை மங்குவதில்லை.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். அடுத்த முறை சாரையைக் கண்டால் அதன் குறுக்கே விரலை அழுத்தி ஒருமுறை தேய்த்துவிட்டுக் குனிந்து கவனியுங்கள். இரு புறத்து எறும்புகளும் விரல் பட்ட விளிம்பில் வந்து சட்டென்று நிற்கும். உணர்கொம்புகளை ஆட்டித் தரையைத் தட்டும். சில திரும்பிப் போகும். பின்னால் வந்தவை முட்டிக்கொண்டு கூட்டமாகும். சிறிது நேரத்தில் ஒன்றோ இரண்டோ சுற்றிவளைத்து மறுகரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அதன் பிறகு அறுந்த இடம் தைக்கப்பட்டது போல ஆகிவிடும். வெறும் தண்ணீர் நனைத்த துணியால் துடைப்பதும் ஏறக்குறைய இதே கதைதான். எறும்பின் தடவாசனை எண்ணெய்த்தன்மை கொண்டது; தண்ணீரில் எளிதில் கரையாது. தவிர, நாம் துடைப்பது மேடையில் உள்ள இரண்டு அடிப் பாதையை மட்டுமே. பிளவுக்கு அந்தப் பக்கம் உள்ள பாதை அப்படியே இருக்கிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதில் விளங்கும். வளர்ந்த எறும்பால் கெட்டியான உணவை விழுங்க முடியாது. அதன் இடுப்பு அவ்வளவு குறுகலானது. திரவமாக இருப்பதை மட்டுமே அது உட்கொள்கிறது. உட்கொண்டதையும் தானே செரித்துவிடுவதில்லை. ஒரு பகுதியைத் தனிப் பையில் சேமித்து எடுத்துச் சென்று, புற்றில் உள்ள மற்ற எறும்புகளுக்கு வாயோடு வாய் வைத்துப் பகிர்கிறது. சோற்றுப் பருக்கை, கருவாட்டுத் துணுக்கு போன்ற கெட்டியான இரையைத் தூக்கிச் செல்வது பெரும்பாலும் புழுக்களுக்காக. புழுக்கள் அதைச் செரித்துத் திரவமாக்கித் தர, பெரியவை அதைப் பெற்றுக்கொள்கின்றன. நாம் வைக்கும் ஒரு சொட்டு இனிப்பு, சாரைக்கு வராத எறும்புகளையும், கடைசியில் ராணியையும் எட்டும் வழி இதுதான்.

எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை பெய்யும் என்பது பழமொழி. சாரையில் வெள்ளை அரிசி போலத் தூக்கிச் செல்லப்படுபவை பெரும்பாலும் முட்டைகள் அல்ல, புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். முட்டை அதைவிட மிகச் சிறியது. ஆனால் பழமொழி சொல்லும் இடப்பெயர்ச்சி உண்மையானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் ஊறியதும், தோட்டத்தில் இருந்த குடி சுவர்ப் பிளவுக்கும் கதவு நிலைக்கும் மாறுவது வழக்கம். கோடையில் வருவதற்குக் காரணம் வேறு: அப்போது அவை தண்ணீரைத் தேடி வருகின்றன. சர்க்கரை டப்பாவெல்லாம் இறுக மூடியிருந்தும் குளியலறையில் எறும்பு என்றால் பெரும்பாலும் ஒழுகும் குழாய்தான் காரணம்.

வந்திருப்பது எந்த எறும்பு?

எறும்பு என்று ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும், தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வருபவை பல வகை. நீண்ட கால்களோடு, திசை மறந்தது போல அங்குமிங்கும் ஓடும் கறுப்பு எறும்பைப் பல ஊர்களில் பிள்ளையார் எறும்பு என்பார்கள். அது கடிக்காது என்பதால் குழந்தைகளுக்கும் அதன் மேல் பயமில்லை. சுருக்கென்று கடித்துத் தடிக்க வைக்கும் சிவப்பு எறும்பு, மண்ணில் புற்று வைத்துத் தரை ஓட்டின் இடுக்கு வழியாக மேலே வரும். கட்டெறும்பு இரவில் ஒன்றிரண்டாக வந்து சர்க்கரையைத் தேடும். ஈரம் ஏறிய மரத்தில் குடியிருக்கும் பெரிய எறும்புகளும் உண்டு. அவை மரத்தைக் குடைந்து தள்ளுமே தவிரத் தின்னாது. மரத்தைத் தின்பது கரையான். அது எறும்பு இனமே அல்ல, இங்கே சொல்லும் முறைகள் அதற்கானவை அல்ல.

அதிகம் ஏமாற்றுபவை இரண்டு சிறிய வகைகள். ஒன்று, தலை கறுத்து, வயிறும் கால்களும் வெளுத்து, வெளிர்நிறத் தரையில் ஓடும்போது கறுப்புப் புள்ளி மட்டும் நகர்வது போலத் தோன்றுவது. மற்றொன்று, மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில் 2 மில்லிமீட்டர் நீளமே உள்ள பார்வோன் எறும்பு. இவற்றின் ஒரே குடியில் பல ராணிகள் இருக்கும். சுவருக்குள், ஸ்விட்ச் பெட்டிக்குள், துணி அலமாரியின் மூலையில் என்று எங்கும் தங்கும். பார்வோன் எறும்பின் குடிக்குத் தொந்தரவு நேர்ந்தால், ஒரு பகுதி எறும்புகள் முட்டையையும் புழுக்களையும் தூக்கிக்கொண்டு வேறிடம் போய்ப் புதுக் குடி தொடங்கிவிடும்.

எங்கள் வீட்டில் இது நடந்தது. படுக்கையறைச் சுவரில் ஒரு மெல்லிய சாரை. தின்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கைவசம் இருந்த எலுமிச்சம்புல் எண்ணெயைத் தண்ணீரில் கலந்து, இரண்டு நாள் விடாமல் சுவரெங்கும் தெளித்தேன். சாரை மறைந்தது. பத்து நாளில் அடுத்த அறையின் ஜன்னலிலும் கூடத்து ஸ்விட்ச் பெட்டியிலும் புதிதாக இரண்டு சாரைகள் கிளம்பின. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த பிறகுதான் அது பார்வோன் எறும்பு என்று தெரிந்தது. நான் விரட்டவில்லை, குடித்தனத்தைப் பிரித்து வைத்திருக்கிறேன். மிகச் சிறிய மஞ்சள் எறும்பாக இருந்தால் வாசனைப் பொருள் எதையும் தெளிக்காமல், பின்னால் வரும் இரை வைக்கும் முறைக்கு நேராகப் போய்விடுவது நல்லது.

வகை தெரியாவிட்டாலும் அதற்கு எது வேண்டும் என்பதை அறிய எளிய வழி உண்டு. ஒரு காகிதத் துண்டில் ஒரு சொட்டுச் சர்க்கரைப் பாகும், ஒரு விரற்கடை தள்ளிச் சிறிது கருவாடு அல்லது அவித்த முட்டையின் மஞ்சள் கருவும் வைத்துச் சாரைக்கு அருகில் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எதைச் சுற்றிக் கூட்டம் என்று பார்த்தால் போதும். புற்றில் புழுக்கள் அதிகம் இருக்கும் காலத்தில் இனிப்பை விட்டுவிட்டுப் புரதத்தின் பக்கம் போவது உண்டு.

பாதையை அழிப்பது

முதலில் செய்ய வேண்டியது சாரையைத் துடைப்பது அல்ல, அதைப் பின்தொடர்வது. கைவிளக்கை எடுத்துக்கொண்டு, எந்த இடுக்கில் நுழைகிறது, வெளிச்சுவரில் எங்கே வருகிறது என்பதைக் கண்டுபிடித்து, பென்சிலால் ஓர் அடையாளம் போட்டுக்கொள்ளுங்கள். பாதையை அழித்துவிட்டால் இந்தத் தகவல் போய்விடும்.

பிறகு சோப்பு. அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து, பாதை முழுவதும், குறிப்பாக அது வளையும் இடங்களையும் நுழையும் இடத்தையும், அழுத்தித் துடைக்க வேண்டும். சோப்பு இரண்டு காரியங்களைச் செய்கிறது. எண்ணெய்த்தன்மையுள்ள வாசனைப் பூச்சைக் கரைத்து எடுத்துவிடுகிறது. எறும்பின் மேல் பட்டால், சாதாரணத் தண்ணீர் போல உருண்டு ஓடாமல், உடலின் பக்கவாட்டில் உள்ள மூச்சுத் துளைகளுக்குள் புகுந்து அதைக் கொன்றும் விடுகிறது. கடைத் திரவம் வேண்டாம் என்பவர்கள் பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கிய நுரைத் தண்ணீரைப் பயன்படுத்தலாம். நுரை தரும் சபோனின் அதிலும் சீயக்காயிலும் இருக்கிறது.

வினிகரையும் எலுமிச்சைச் சாற்றையும் எல்லோரும் பரிந்துரைக்கிறார்கள். பாதி வினிகரும் பாதித் தண்ணீருமாகக் கலந்து துடைத்தால் கடும் வாசனை சிறிது நேரம் எறும்பைக் குழப்பும் என்பது சரிதான். ஆனால் உங்கள் சமையல் மேடை எந்தக் கல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கடப்பாக் கல் ஒரு சுண்ணாம்புக் கல், பளிங்கும் அப்படியே. புளிப்பு பட்டால் இரண்டும் அரித்து, பளபளப்புப் போய், வெளுத்த திட்டுகள் விழும். எறும்பு ஒரு வாரத்தில் போய்விடும், அந்தத் திட்டு போகாது. கிரானைட்டுக்கு அவ்வளவு பயமில்லை என்றாலும், சோப்புத் தண்ணீரே போதும் என்னும்போது வினிகருக்குத் தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

துடைத்துக் காய்ந்த கையோடு நுழைவாயிலை அடைத்துவிட வேண்டும். வெள்ளை சிமெண்டைக் குழைத்துப் பிளவில் அழுத்தித் தேய்த்தால் சிறு செலவில் பல வருடத் தொல்லை தீரும். சிமெண்ட் வாங்கும்வரை, குளிக்கும் சோப்பின் ஈரமான துண்டை இடுக்கில் தேய்த்து அடைத்து வைக்கலாம். புற்றே சுவருக்குள் இருந்தால் மட்டும் அடைப்பதை ஒத்திப்போடுங்கள். வழி மூடிவிட்டால் அவை வேறொரு வழியைக் குடையும், நாம் வைக்கும் இரையும் உள்ளே போகாது.

குறுக்கே போடும் கோடுகள்

மஞ்சள்தூள், மிளகாய்த்தூள், பட்டைப்பொடி, பெருங்காயம், வசம்பு: நம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் பொருள்களில் பெரும்பாலானவை இந்த வகை. இவை எறும்பைக் கொல்வதில்லை. அதன் உணர்கொம்புக்கு ஒவ்வாத வாசனையாலும், காலில் ஒட்டும் பொடியாலும் கடக்கத் தயங்க வைக்கின்றன. மஞ்சளில் உள்ள டர்மெரோன் வகை எண்ணெய்களும், கிராம்பில் உள்ள யூஜினாலும் பூச்சிகளை விலக்குவதாகச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். ஆகவே இவை கட்டுக்கதை அல்ல. ஆனால் கோட்டில் ஓரிடத்தில் இடைவெளி இருந்தால் சாரை அதன் வழியாகப் போய்விடும். காற்றில் வாசனை மெலிந்ததும் கோட்டின் மேலேயே போய்விடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாகப் போடத் தயாராக இருந்தால் மட்டுமே பயன் உண்டு. ஈரம் பட்ட மஞ்சள் சுண்ணாம்புச் சுவரில் கறையாக நின்றுவிடும் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

அடுப்புச் சாம்பல் இவற்றைவிட ஒரு படி மேல். எறும்பின் உடல் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு ஒன்று உண்டு. உடலின் ஈரம் காய்ந்துவிடாமல் காப்பது அதுதான். நுண்ணிய பொடிகள் அந்த மெழுகை உரசியும் உறிஞ்சியும் எடுத்துவிடுவதால் எறும்பு நீரிழந்து சாகிறது. டயட்டம் என்ற நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளாலான டயட்டமி மண், தோட்டப் பொருள் கடைகளில் கிடைக்கிறது. அது வேலை செய்யும் முறையும் இதுவே. பருப்பிலும் விதையிலும் சாம்பல் கலந்து வைத்த பாட்டிமார்கள் மெழுகுப் பூச்சைப் பற்றிப் பேசியதில்லை, ஆனால் ஈரமாகிவிட்டால் சாம்பலால் பயனில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த விதி டயட்டமி மண்ணுக்கும் பொருந்தும். தூவும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும். மின்விசிறியைப் போட்டுக்கொண்டு தூவக் கூடாது.

எழுதும் சாக்பீஸால் கோடு போட்டாலும் ஓரளவு தயங்கும், உதிரும் பொடிக்காக. கடையில் விற்கும் எறும்பு சாக்பீஸ் வேறு: அதில் இருப்பது சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்ராய்டு நஞ்சுகள். பார்க்க எழுதும் சாக்பீஸ் போலவே இருப்பதுதான் அதன் பெரிய ஆபத்து. தவழும் குழந்தை உள்ள வீட்டில் அது இருக்கக் கூடாது. அதற்கும் முந்தைய தலைமுறை மூலை முடுக்கெல்லாம் தூவிய வெள்ளை எறும்புப் பொடிகளில் இருந்த பி.எச்.சி. என்னும் பூச்சிக்கொல்லி இந்தியாவில் 1997-இலும், அதன் தூய வடிவமான லிண்டேனின் பயன்பாடு 2013-இலும் தடை செய்யப்பட்டுவிட்டன. பரணில் பழைய பொட்டலம் ஏதாவது கிடந்தால் அதைத் தேடிப் பயன்படுத்த வேண்டாம்.

இயற்கையானது என்ற சொல்லையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சூடத்தைப் பொடித்து மூலையில் வைப்பவர்கள், குழந்தை அதை வாயில் போட்டால் வலிப்பு வரும் அளவுக்கு அது நஞ்சு என்பதை அறிந்திருக்க வேண்டும். பூனை உள்ள வீட்டில் புதினா எண்ணெய், பட்டை எண்ணெய் போன்ற செறிவான வாசனை எண்ணெய்களைத் தெளிப்பதும் நல்லதல்ல. அவற்றைச் சிதைக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் குறைவு.

சர்க்கரை டப்பாவில் நான்கு கிராம்பு போட்டு வைப்பது நல்ல பழக்கம், ஆனால் டப்பாவின் மூடி அதைவிட முக்கியம். திருகு மூடியின் புரிகளுக்கு இடையே சிறிய எறும்பு சுற்றிச் சுற்றி நடந்து உள்ளே போய்விடும். உள்ளே ரப்பர் வளையம் உள்ள மூடிதான் தடுக்கும். ஏற்கெனவே எறும்பு ஏறிய சர்க்கரையைத் தட்டில் பரப்பி வெயிலில் வைத்தால் கால்மணி நேரத்தில் அவை தாமாக இறங்கிப் போய்விடும்.

எல்லாவற்றையும்விட நம்பகமான குறுக்குக் கோடு தண்ணீர். உணவுப் பாத்திரத்தைத் தண்ணீர்த் தட்டின் நடுவே வைப்பதும், வலை அலமாரியின் நான்கு கால்களுக்கும் கிண்ணம் வைப்பதும் இன்றும் தோற்காத முறைகள். தூசியோ எண்ணெயோ படர்ந்த தண்ணீரின் மேல் எறும்பு நடந்தே கடந்துவிடும், அலமாரி சுவரில் சாய்ந்திருந்தால் தண்ணீரே தேவைப்படாது. இந்த இரண்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைவிட முக்கியமானது, தேங்கிய கிண்ணம் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் பிடித்தமான இடம். முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். ஆகவே ஐந்து நாளுக்கு ஒருமுறை தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீரில் சில சொட்டு சோப்புக் கரைசல் விட்டு வையுங்கள்.

புற்றுக்கு அனுப்பும் இரை

மேலே சொன்னவை எல்லாம் எறும்பை நம் மேடையிலிருந்து விலக்கி வைப்பவை. புற்று வெளியே, மரத்தடியில் இருந்தால் அவ்வளவே போதும். அங்கிருக்கும் எறும்பு கரையானையும் மற்றப் பூச்சிகளையும் தின்று நமக்கு நல்லதையே செய்கிறது. புற்று வீட்டுக்குள் இருந்தால்தான் கடைசி வழியாக வெங்காரத்துக்கும் போரிக் அமிலத்துக்கும் போக வேண்டும்.

வெங்காரம் இயற்கைக் கனிமம். லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகளின் அருகே படிந்து கிடைக்கிறது. நாட்டு மருந்துக் கடைகளில் கட்டியாக விற்கிறார்கள். படிகாரம் என்று மாற்றிக் கேட்டுவிடாதீர்கள், அது வேறு உப்பு, எறும்புக்கு ஒன்றும் செய்யாது. வெங்காரத்திலிருந்து பெறப்படுவதே போரிக் அமிலம். கேரம் பலகையில் தூவும் போரிக் பவுடர் அதுதான். இப்போது கேரம் பவுடர் என்ற பெயரில் வெறும் மாவுப் பொடியும் வருவதால், பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்க வேண்டும்.

எறும்பின் வயிற்றுக்குள் போனதும் இது மெதுவாகக் கொல்கிறது. அந்த மெதுவில்தான் இதன் திறமை இருக்கிறது. குடித்த எறும்பு உடனே செத்தால் இரை அதோடு நின்றுவிடும்; இரண்டு மூன்று நாள் உயிரோடு இருந்தால் வாயோடு வாய் பகிர்ந்து புழுக்களுக்கும் ராணிக்கும் கொண்டு சேர்த்துவிடும். ஆகவே அதிகம் போட்டால் அதிகம் சாகும் என்ற கணக்கு இங்கே தவறு. அரை லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சர்க்கரையையும், தலை தட்டிய ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 5 கிராம், போரிக் அமிலத்தையும் முழுவதும் கரைக்க வேண்டும். கரைசலில் அது 1 சதவீதம் இருக்கும். வெங்காரமானால் ஒன்றரை மடங்கு. இதைவிடக் கூடினால் எறும்பு முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும், அல்லது வழியிலேயே சாகும்.

பஞ்சை இந்தக் கரைசலில் நனைத்து, மூடியில் சிறு துளைகள் போட்ட டப்பாவுக்குள் வைத்து, சாரையின் ஓரத்தில் வைத்துவிடுங்கள். அந்த இடத்துப் பாதையைத் துடைக்காதீர்கள், அருகில் மஞ்சளோ சாம்பலோ தூவாதீர்கள். முதல் இரண்டு நாள் கூட்டம் பெருகும். பார்க்கவே அலுப்பாக இருக்கும், பலர் இந்தக் கட்டத்தில் பொறுமை இழந்து எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிடுகிறார்கள். விட்டுவிட வேண்டும். மூன்று நாளுக்கு ஒருமுறை பஞ்சை மாற்றுங்கள். முட்டையாகவும் கூட்டுப்புழுவாகவும் இருப்பவை இரையை உண்பதில்லை. அவை எறும்பாகி வந்து உண்ணும்வரை இரை இருக்க வேண்டும் என்பதால், சாரை மறைந்த பிறகும் மூன்று நான்கு வாரம் டப்பா அங்கேயே இருக்கட்டும். எங்கள் வீட்டுப் பார்வோன் எறும்புக்கு ஏழு வாரம் ஆயிற்று. எறும்பு இனிப்பைத் தொடவில்லை என்றால், அதே அளவில் மஞ்சள் கருவிலோ நிலக்கடலை வெண்ணெயிலோ கலந்து வைக்கலாம்.

இது மனிதர்களுக்கும் நஞ்சுதான். அளவு மீறி உள்ளே போனால் வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கிச் சிறுநீரகம்வரை பாதிக்கும். சர்க்கரைத் தண்ணீரிலிருந்து பார்வைக்கு வேறுபாடு தெரியாது என்பதால், மீதக் கரைசலைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவே கூடாது. குழந்தை, நாய், பூனை எட்டும் இடத்தில் டப்பாவை வைக்காமல் வேறு இடம் தேடுங்கள். ஸ்விட்ச் பெட்டிக்குள் எறும்பு என்றால் அதற்குள் எந்தத் திரவத்தையும் விடாமல், சுவரில் அதற்குக் கீழே இரையை வைக்க வேண்டும்.

வெங்காரத்துக்குப் பதிலாகச் சமையல் சோடாவைச் சர்க்கரையில் கலந்து வைத்தால், எறும்பின் வயிற்றில் வாயு உண்டாகி வெடித்துவிடும் என்று சொல்வார்கள். ரவையைத் தின்றால் வயிற்றில் ஊறி வீங்கிச் சாகும் என்பது இன்னொன்று. வளர்ந்த எறும்பு கெட்டியானதை விழுங்குவதே இல்லை என்று மேலே பார்த்தோம். ரவை வைத்தவர் அதன் புழுக்களுக்கு நல்ல காலை உணவு கொடுத்திருக்கிறார். சோடாவை எறும்பு பெரும்பாலும் பிரித்து ஒதுக்கிவிட்டுச் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும்.

வாசலும் தொட்டியும்

அரிசி மாவில் கோலம் போட்டால் எறும்புக்கு உணவாகும் என்று சொல்லிப் போட்டவர்கள் அதை வாசலில் போட்டார்கள், சமையலறையில் அல்ல. இப்போது பெரும்பாலும் போடுவது கல்மாவு. அதில் எறும்புக்கு எதுவும் இல்லை. அரிசி மாவுக் கோலமானால், வாசற்படியை ஒட்டிப் போடாமல் நான்கடி தள்ளிப் போடுவதில் எறும்புக்கும் நமக்கும் நன்மை உண்டு.

நடைபாதையில் கடிக்கும் சிவப்பு எறும்பின் புற்று இருந்தால் கொதிநீர் ஊற்றலாம். அமெரிக்காவில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவினர் நெருப்பெறும்புப் புற்றுக்கு இதைச் சொல்லும்போது, புற்று ஒன்றுக்குச் சுமார் 11 லிட்டர் தேவை, அப்படி ஊற்றினாலும் பத்துக்கு ஆறு புற்றுகள்தான் அழியும் என்கிறார்கள். ஒரு செம்பு வெந்நீரை ஊற்றிவிட்டுப் பலிக்கவில்லை என்று சொல்பவர்கள் இந்த அளவைக் கவனிக்கலாம். செடியின் வேர் அருகே ஊற்றினால் செடியும் வெந்துவிடும். அவ்வளவு கொதிநீரைத் தூக்கிச் செல்வதிலும் எச்சரிக்கை தேவை.

எல்லாம் செய்தும் மாடி வீட்டு ஜன்னலில் சாரை நிற்கவில்லை என்றால், வெளியே எட்டிச் செடியைப் பாருங்கள். செம்பருத்தி, கொய்யா போன்றவற்றின் இளந்தண்டில் வெள்ளைப் பஞ்சு போல மாவுப்பூச்சி ஒட்டியிருக்கும். இலைக்கு அடியில் அசுவினி இருக்கும். இவை சாற்றை உறிஞ்சி இனிப்பான கழிவை வெளியேற்றுகின்றன. அதற்காக எறும்புகள் இவற்றை மாடு மேய்ப்பது போலக் காத்து நிற்கின்றன. மேய்ச்சலுக்கு வரும் வழியில்தான் நம் ஜன்னல் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியில் நனையும்படி வாரம் ஒருமுறை தெளித்தால் பூச்சி குறையும். அதற்கு முன், சுவரையோ கம்பியையோ தொட்டுக்கொண்டிருக்கும் கிளையை வெட்டிவிடுங்கள். தொட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, ஜன்னல் விளிம்பைச் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிட்டு, இரண்டு நாள் கழித்து வந்து பாருங்கள்.